ஸ்கீமா தெரபிக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. வாப்பா என் சின்ன வயதிலேயே சவூதிக்குச் சபர் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், நான் ஒட்டிப் பழகுவதற்குள் கிளம்பிவிடுவார். இப்போது கணவர் துபாயில். அவர் போன் எடுக்கத் தாமதமானால், என்னை விட்டுவிட்டார் என்றே மனசு அடித்துக்கொள்கிறது. எடுத்ததும் சண்டை போடுகிறேன். ஆன்லைனில் ஒரு மையம், ‘ஸ்கீமா தெரபி, 8 அமர்வுகளில் வேரோடு தீர்வு’ என்று விளம்பரம் செய்கிறது. 24,000 ரூபாய், முழுவதும் முன்பணம், இன்றைக்கே கட்டினால் சலுகையாம். கட்டலாமா? – வாசகி, கீழக்கரை

பதில்: கட்ட வேண்டாம் சகோதரி. சிகிச்சை நல்ல சிகிச்சைதான். அதை விற்கிற விதம்தான் சரியில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி யங் உருவாக்கிய முறை இது. எண்ணங்களைச் சீர்படுத்தும் அறிவாற்றல் சிகிச்சையை, அதை உருவாக்கிய ஆரோன் பெக்கிடமே பயின்றவர் அவர். அந்தச் சிகிச்சையால் பலர் தேறினாலும், சின்ன வயதிலிருந்தே ஊறிப்போன மனப்போக்கு உள்ளவர்கள் தேறவில்லை என்று கண்டு, 1980களில் தொடங்கி இதை வளர்த்தெடுத்தார். பிள்ளைப் பருவத்தில் கிடைக்க வேண்டிய பாதுகாப்போ அன்போ கிடைக்காதபோது, ‘என்னை எல்லோரும் விட்டுப் போய்விடுவார்கள்’, ‘என்னிடம் ஏதோ குறை இருக்கிறது’ என்பது போன்ற நம்பிக்கைகள் மனதில் படிந்துவிடுகின்றன. இவற்றைத்தான் ஸ்கீமா என்கிறார்கள். யங் இப்படிப் பதினெட்டை வகைப்படுத்தியிருக்கிறார். உங்களுக்கு இருப்பது இதில் எது என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்லக் கூடாது. நேரில் பேசி அறிய வேண்டியது அது.

அமர்வில் என்ன நடக்கும் என்று தெரிந்தால், எட்டு அமர்வு ஏன் போதாது என்பது புரியும். உதாரணத்துக்கு, கண்ணை மூடி ஒரு பழைய காட்சிக்குள் போகச் சொல்வார்கள். பெட்டி கட்டியாயிற்று, வாசலில் வேன் நிற்கிறது, ஏழு வயதுப் பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை நீங்கள் விவரிக்க விவரிக்க, சிகிச்சையாளர் தானும் அந்தக் காட்சிக்குள் வந்து, அன்றைக்கு யாரும் அந்தப் பிள்ளையிடம் சொல்லாத ஆறுதலைச் சொல்வார். இன்னொரு நாள் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் பயப்படுகிற நீங்களும் மற்றதில் அதட்டுகிற நீங்களுமாக மாறி மாறி உட்கார்ந்து பேச வைப்பார். இதற்கெல்லாம் அந்த ஆள்மேல் முதலில் நம்பிக்கை வர வேண்டும். அது வாரக் கணக்கில் வருவது, சில சமயம் மாதக் கணக்கில். ஆளுமைக் கோளாறு (உணர்வும் உறவுகளும் நெடுங்காலமாகவே நிலைகொள்ளாமல் தவிக்க வைக்கும் மனநலச் சிக்கல்) உள்ளவர்களிடம் நெதர்லாந்தில் நடந்து 2006இல் வெளியான முக்கியமான ஆய்வில், வாரத்துக்கு இரண்டு அமர்வு வீதம் மூன்று ஆண்டு சிகிச்சை தந்தார்கள். எல்லோருக்கும் அத்தனை காலம் வேண்டியதில்லை. ஆனால் எட்டிலேயே ‘வேரோடு’ என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்தது, ஆள் யார் என்பது. கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டுகிற நிலைதான் இன்னும் இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். எண் கேட்டதற்குக் கோபப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். மனசு நொந்தவர்களை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று விசாரிப்பதை இந்தக் கடற்கரையில் யாரும் அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்ல முடியாது.

பதிவு எண் சரி என்றால், அப்புறம் ஸ்கீமா பயிற்சியைப் பற்றிக் கேளுங்கள். 2008இல் தொடங்கிய சர்வதேச ஸ்கீமா தெரபி சங்கம், மூத்தவர் மேற்பார்வையில் வேலை செய்தவர்களுக்கே சான்றிதழ் தருகிறது. சான்று பெற்றவர்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் உண்டு. இரண்டு நாள் பயிலரங்கச் சான்றிதழ் வேறு, இது வேறு. ஆனால் பட்டியலில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் என் யோசனை வேறு. வாப்பாவைப் பற்றி இங்கிலீஷில் யோசித்து யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தால் பாதி அழுகை தொண்டையிலேயே நின்றுவிடும். சர்வதேசச் சான்று இல்லாவிட்டாலும், பதிவு பெற்று, இந்த முறையை முறையாகப் பயின்று, தமிழில் பேசுகிறவரே உங்களுக்கு மேல். வீடியோவில் பேசலாம். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறையும் ஒரு மணி நேரமும் வீட்டில் கிடைக்குமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் அமர்வுக்கு அமர்வு கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். முதல் அமர்வில் ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆள் பார்க்க உங்களுக்கு வழி இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு தடவை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சாதாரணப் பதற்றமாக இருந்தால் இத்தனை நீண்ட சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். மருந்து வேண்டுமா என்பதையும் அவர்தான் சொல்ல முடியும், சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதக் கூடாது. ராத்திரியில் மனசு தாங்கவில்லை என்றால் 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: என் தங்கைக்காக ஒரு ஆன்லைன் மையத்தில் பத்து ஸ்கீமா தெரபி அமர்வுக்குப் பணம் கட்டினேன். மூன்றாவது அமர்வில் சொல்லாமல் கொள்ளாமல் ஆளை மாற்றிவிட்டார்கள். தங்கை இனி பேச மாட்டேன் என்கிறாள். பாக்கியைக் கேட்டால் ‘திருப்பித் தருவதில்லை’ என்பது விதியாம். – வாசகர், பாம்பன்

பதில்: தங்கை சொல்வது நியாயம். இந்தச் சிகிச்சையில் ஆள் மாறுவது மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்குச் சமம். போனில் வாதாடாமல், நடந்ததைத் தேதியோடு மின்னஞ்சலில் எழுதி, மீதி ஏழு அமர்வுக்கான பணத்தைக் கேளுங்கள். பணம் கட்டிய ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். பல விவகாரங்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மையம் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: மருத்துவக் காப்பீட்டில் ஸ்கீமா தெரபிச் செலவைக் கேட்க முடியுமா? – வாசகர், தொண்டி

பதில்: உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். ஆனால் நம் பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும். வாராவாரம் போய்ப் பேசிவிட்டு வருவது வெளிநோயாளிக் கணக்கு. உங்கள் பாலிசியில் வெளிநோயாளிச் செலவு சேர்ந்திருக்கிறதா, அதில் உளவியலாளர் கட்டணமும் உண்டா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பிச் செலவைத் தொடங்க வேண்டாம்.