கேள்வி – பதில்: பாய்மர மீன்பிடிப் படகின் மர மாதிரி

கேள்வி: 9 மீட்டர் நீளமுள்ள பாய்மர மீன்பிடிப் படகின் மாதிரியை 1:24 அளவில் செய்கிறேன். ஏராவும் (படகின் அடிமரம்) வங்குகளும் (விலா எலும்புபோல் நிற்கும் குறுக்குச் சட்டங்கள்) நேராக நிற்கின்றன. பலகை ஒட்டும்போது அணியத்தில் (படகின் முன்பக்கம்) ஓரம் தூக்கிக்கொள்கிறது. ஒட்டிய இடத்திலும் மறுநாள் இடைவெளி தெரிகிறது. என்ன காரணம்?

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். பலகை தட்டைவாக்கில் எளிதாக வளையும், ஓரவாக்கில் வளையாது. ஒரே அகலப் பலகையை அணியத்துக்கு இழுத்தால் ஓரம் தூக்கத்தான் செய்யும். நடு வங்கின்மேல் ஒரு காகித நாடாவை ஏராவிலிருந்து மேல்விளிம்புவரை படியவைத்து அளந்து பாருங்கள். 120 மி.மீ. வந்தால், 5 மி.மீ. அகலப் பலகை 24 வேண்டும். அணியத்தில் அதே அளவு 72 மி.மீ. என்றால், அங்கே ஒவ்வொரு பலகையும் 3 மி.மீ.தான். எல்லா வங்குகளிலும் இப்படி அளந்து 24ஆல் வகுத்து, பலகையில் குறித்துச் சீவுங்கள். எங்காவது பாதி அகலத்துக்கும் கீழே, அதாவது 2.5 மி.மீ.க்கும் குறைவாக வந்தால், அங்கே இரண்டு பலகைகளை முடித்து, அவற்றுக்குப் பதிலாக ஒன்றை மட்டும் தொடரவிடுங்கள். ஊசிபோல் சீவிய முனை பிளந்துவிடும்.

மறுநாள் இடைவெளிக்குக் காரணம் ஈரம். நனைந்த மரம் அகலவாக்கில் உப்பும். அப்படியே ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கிப் பிரியும். 1 மி.மீ. பலகையை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, வங்குகளின்மேல் வளைத்துக் கவ்விகளால் பிடித்து, இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஒட்டுவது அதன் பிறகுதான். வெள்ளை மரப்பசையே போதும். சூப்பர் குளூ வழிந்த இடத்தில் வார்னிஷ் ஊறாது, கறை நிற்கும்.

வங்கின் விளிம்பையும் பாருங்கள். படகின் வளைவுக்கு ஏற்பச் சாய்வாகத் தேய்க்காவிட்டால் பலகை ஒரு கூர்முனையில் மட்டும் தொட்டு நிற்கும், பசைக்குப் பிடிமானம் இருக்காது. இன்னொன்று: இடப்பக்கம் ஒரு பலகை, வலப்பக்கம் ஒரு பலகை என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தையே முடித்தால் ஏரா முறுக்கிக்கொள்ளும். அதன்பின் நிமிர்த்துவது கடினம்.

கேள்வி: வீட்டில் தேக்குத் துண்டுகள் இருக்கின்றன. பலகைக்கு ஆகுமா?

பதில்: வேண்டாம். தேக்கின் துளைகள் இந்த அளவில் பள்ளம் பள்ளமாகத் தெரியும். அதன் எண்ணெய்ப் பசை ஒட்டுதலையும் கெடுக்கும். லிண்டன், பேரி போன்ற நெருக்கமான இழையுள்ள மரமே நல்லது.

கேள்வி: வெள்ளைத் துணியில் பாய் தைத்தேன். பொம்மைப் படகுபோல் இருக்கிறது.

பதில்: நிறமும் தையலும்தான் காட்டிக்கொடுக்கின்றன. பல கடற்கரைகளில் மீன்பிடிப் படகுகளின் பாய்கள் மட்காமல் இருக்க மரப்பட்டைச் சாற்றிலோ காசுக்கட்டிக் கரைசலிலோ தோய்க்கப்பட்டன. அந்தச் செம்பழுப்பு அதனால் வந்தது. மெல்லிய பருத்தித் துணியை வெந்நீரில் கரைத்த காசுக்கட்டியில் ஊறவைத்துக் காயவையுங்கள். துணி சுருங்கும், அதனால் சாயம் ஏறிய பிறகே வெட்டுங்கள்.

தையல் இயந்திரத்தின் 2 மி.மீ. தையல் உண்மைப் படகில் 48 மி.மீ. ஆகிவிடும்! துணிப்பட்டைகளின் இணைப்பைக் கூரான பென்சிலால் மெல்லிய இரட்டைக் கோடாக வரைந்தாலே கண்ணுக்கு நிறைவாக இருக்கும். விளிம்பை மட்டும் மடித்து ஒட்டுங்கள். ஒரு பங்கு மரப்பசையை நான்கு பங்கு நீரில் கலந்து பூசி, பருமலில் (பாயைத் தாங்கும் கட்டை) கட்டியபின் பின்னாலிருந்து மெல்லிய காற்றுப் படும்படி காயவிட்டால், பாய் காற்று வாங்கிய வளைவோடு நிற்கும். கயிறுக்கான நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிடுங்கள். நூலின் பிசிறு படிந்துவிடும்.