பழைய பத்திரிகைப் படங்களை வெட்டிச் செய்த கொலாஜை வாடிக்கையாளருக்கு விற்கலாமா?

பயிற்சிக்கு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். காசு வாங்கும் வேலையில் கவனம் தேவை. பத்திரிகையை விலைகொடுத்து வாங்கியதால் அதிலுள்ள புகைப்படத்தின் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. படம் யாருடைய உரிமையையும் மீறவில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் பெரும்பாலும் நீங்கள்தான்.

ஸ்மித்சோனியன், ரைக்ஸ்மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் போன்ற அருங்காட்சியகங்கள் காப்புரிமை இல்லாத படங்களைப் பெரிய அளவில் இலவசமாகத் தருகின்றன. எல்லாப் படமும் அப்படியல்ல. 'சிசி ஜீரோ' (உரிமையாளர் உரிமையை விட்டுக்கொடுத்தது) அல்லது 'பப்ளிக் டொமைன்' (யாருக்கும் காப்புரிமை இல்லாதது) குறிப்பைப் பார்த்து, இணைப்பைக் கோப்போடு சேமியுங்கள்.

அச்சுத்தாளை ஸ்கேன் செய்யும்போது அச்சுப்புள்ளிகளும் ஸ்கேனரின் கட்டமும் மோதி அலையலையாகக் கோடு விழும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்து, டீஸ்கிரீன் (அச்சுப்புள்ளிகளை மழுப்பும் ஸ்கேன் மென்பொருள் வசதி) போட்டு, பிறகு 300க்குக் குறைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். இரு மடங்கு பெரிதாக்குவதென்றால் 1200இல் எடுங்கள். 300 டிபிஐயில் ஏ4 முழுப்பக்கத்துக்கு 2480 × 3508 பிக்சல் வேண்டும்.

முதல் வரைவை வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளும்வரை பசை தொடவே வேண்டாம். துண்டுகளைத் தனித்தனியாக ஸ்கேன் செய்து படம் திருத்தும் மென்பொருளில் தனி லேயர்களாக (ஒன்றின்மேல் ஒன்றாக, தனித்தனியே நகர்த்தக்கூடிய அடுக்குகளாக) வையுங்கள். "அந்தக் கையைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள்" என்று கட்டாயம் சொல்வார்கள். ஒட்டிவிட்டால் மொத்தமும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

கூலி பேசும்போது படம் எங்கே, எத்தனை காலம் பயன்படும் என்று கேளுங்கள். கட்டுரைக்கு ஒருமுறை போடுவதும் பொருளின் அட்டைப்பெட்டியில் அச்சிடுவதும் ஒரே விலை அல்ல. பாதித் தொகை முன்பணம், இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்குமேல் தனிக்கட்டணம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.