ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ், முடக்குவாதம்தானா?

அம்மாவுக்கு மூட்டு வலி, ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதம் உள்ள பலரின் ரத்தத்தில் காணப்படும் ஒரு எதிர்ப்பொருள்) பாசிட்டிவ், அப்படியானால் மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம்தானா என்று கேட்டீர்கள். அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட முடியாதுங்க. கிளினிக்கில் பக்கத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு முடக்குவாதம் என்கிறீர்கள். வாதநோய் நிபுணரிடம் அவர்களைத்தானே அனுப்புவார்கள்! ஊரில் பொதுவாக எடுத்தால் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இந்த நோய் இருக்காது. ஆர்.ஏ. ஃபேக்டரோ நோயே இல்லாதவர்களில் சுமார் 5% பேருக்கும் இருக்கும், வயதானால் இன்னும் கூடும்.

அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் மட்டும், படி ஏறினால் வலி. எனக்கென்னவோ மூட்டுத் தேய்மானமாகத்தான் படுகிறது.

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்குகிறதா பாருங்கள். விறைப்பு அரைமணிக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணிநேரம் தாண்டி, விரல் கணுக்களும் வீங்கினால் ஆன்டி சிசிபி டெஸ்ட் (முடக்குவாதத்தை இன்னும் தெளிவாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொரு விஷயம், தேய்மானமும் முடக்குவாதமும் சேர்ந்தே இருக்கலாம். டாக்டர் என்னவென்று சொல்லும்வரை கடையில் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.