சர்க்கரை நோயே இல்லாதவருக்கு ஏன் சர்க்கரை இறங்குகிறது?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது, சர்க்கரை நோய் கிடையாது. ஆறு மாதமாக விடியற்காலையில் எழுப்பினால் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், வியர்த்துக் கொட்டுகிறது. சர்க்கரை போட்டு டீ கொடுத்தால் தெளிந்துவிடுகிறார். வலிப்பு என்று மாத்திரை கொடுத்தும் குறையவில்லை. போன வாரம் குளுக்கோமீட்டரில் 38 காட்டியது. ஸ்கேனில் கணையத்தில் சின்னக் கட்டி இருக்கிறதாம். ஆபரேஷன் அவசியமா, மாத்திரை போதாதா?

பதில்: சகோதரி, டீ குடித்ததும் தெளிந்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் பெரிய துப்பு. வெறும் வயிற்றில் தொந்தரவு, அந்த நேரத்தில் ரத்தச் சர்க்கரை குறைவு, குளுக்கோஸ் உள்ளே போனதும் சரியாவது என்று மூன்று அடையாளங்களை விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1938-லேயே வகுத்துவிட்டார், இன்றும் நாங்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறோம்.

இன்சுலினோமா என்ற கட்டியாக இருக்கலாம். சர்க்கரை இறங்கினால் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும், ஆனால் இந்தக் கட்டி நிறுத்தாது, ராத்திரி முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், அதனால் விடியும்போது மூளைக்குச் சர்க்கரை போதாமல் உளறல், குழப்பம், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். வலிப்பு நோய், மனநோய் என்று வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்ட பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்கள் உண்டு. நினைத்தாலே மனசு கஷ்டமாக இருக்கும்.

ஆனால் ஸ்கேனில் கட்டி தெரிகிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷனுக்குப் போய்விடாதீர்கள். இன்சுலின் சுரக்காத கட்டியும் கணையத்தில் வரும். அதனால் முதலில் ரத்தத்தில் நிரூபிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்து, அதிகபட்சம் 72 மணி நேரம் பட்டினி வைத்து, சர்க்கரை 55-க்குக் கீழே இறங்கித் தொந்தரவும் வரும்போது இன்சுலினையும், உடம்பு இன்சுலின் சுரக்கும்போது கூடவே வரும் சி-பெப்டைடையும் அளப்பார்கள். பலருக்கு 48 மணி நேரத்துக்குள்ளேயே விடை தெரிந்துவிடும். சி-பெப்டைட் ஏன் என்றால், ஊசியில் போட்ட இன்சுலினில் அது இருக்காது, உடம்பே சுரந்தால் மட்டுமே கூடும். சர்க்கரை நோய்க்கான மாத்திரை ஏதாவது தவறுதலாக உள்ளே போயிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இந்தப் பட்டினியை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது.

நிரூபணமாகிவிட்டால் ஆபரேஷன்தான் நல்ல வழி. பெரும்பாலும் இது புற்றுநோய் இல்லை, ஒரே கட்டி, 2 செ.மீ.க்கும் சின்னது. எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டில் சரியான இடமும், கணையக் குழாய்க்கு எவ்வளவு பக்கம் என்பதும் தெரியும். தள்ளி இருந்தால் கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிடலாம், ஒட்டி இருந்தால் கணையத்தில் ஒரு பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டி வரும். 1929-ல் ராஸ்கோ கிரகாம் இந்தக் கட்டியை முதன்முதலில் வெற்றிகரமாக எடுத்தது டொரன்டோவில், எட்டு வருடம் முன்பு இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட அதே ஊரில்!

கணைய நீர் கசிவதுதான் இதில் முக்கியச் சிக்கல், அதனால் கணைய ஆபரேஷன் அடிக்கடி செய்கிற இடமாகப் பாருங்கள். முடிந்த சில நாள் சர்க்கரை ஏறும், பயப்படாதீர்கள், கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். டயசாக்சைடு என்ற மாத்திரை இன்சுலினை அடக்கும், ஆனால் கட்டி அப்படியேதான் இருக்கும், கால் வீக்கமும் வரலாம். ஆபரேஷன் வரை தாக்குப்பிடிக்கவும், ஆபரேஷன் தாங்காதவர்களுக்கும்தான் அது. ரத்தத்தில் கால்சியமும் பார்க்கச் சொல்லுங்கள், சில குடும்பங்களில் இந்தக் கட்டியோடு, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியின் கோளாறும் சேர்ந்து வரும்.

அதுவரை படுக்கும் முன் கொஞ்சம் சாப்பிடட்டும், வண்டி ஓட்ட வேண்டாம். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் டீ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, சர்க்கரை 38 வரை இறங்கியிருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.