அயர்லாந்தில் என்னைப் படிப்பது யார்?

"நீங்கள் எழுதுவதை, கொஞ்சமும் எதிர்பாராத ஒரு நாட்டில் படிக்கிறார்கள் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்?" என்பது கேள்வி. முதலில் மிதப்பாக இருக்கும். அப்புறம் சந்தேகம் வரும்.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தாச்சா, கார் நெல்லுக்கு நாற்றங்கால் போட்டாச்சா, கல்லிடைக்குறிச்சி அப்பளம், மறுவீட்டு விருந்துக்கு வைக்கும் தேங்காய்ப்பால் சொதி, குற்றாலச் சாரல் என்று என் வலைப்பூவில் ஓடுவதெல்லாம் இந்தக் கதைதான். சிங்கப்பூரிலும் துபாயிலும் படிக்கிறார்கள் என்றால் நியாயம், நம்மூர்ப் பிள்ளைகள் இல்லாத இடமா அவை? ஆனால் வாசகர் கணக்கில் இந்தியாவுக்கு அடுத்தபடியாக, சிங்கப்பூரையே முந்திக்கொண்டு, அயர்லாந்து நின்றது.

டீக்கடையில் சொன்னேன். "ஏல, அயர்லாந்துல எவம்ல சொதி வைக்கப் போறான்?" என்று ஒருவன் சிரித்தான். இன்னொருவன் நிதானமாக, "கால்டுவெல் வீட்டு ஆளுவளா இருக்கும்ல" என்றான்.

வேடிக்கைக்குத்தான் சொன்னான், ஆனால் எனக்கு அது பிடித்துப்போனது. இடையன்குடியில் வந்து வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல் 1814-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தவர். டோனாவூரில் குழந்தைகள் இல்லம் நடத்தி, 1951 வரை இருந்து அங்கேயே கண்ணை மூடிய ஏமி கார்மைக்கேலும் அயர்லாந்துக்காரர்தான். ஆக, அந்த நாட்டுக்கும் நம்ம சீமைக்கும் பழைய பாத்தியதை உண்டு. பேரப்பிள்ளைகள் யாரோ தமிழ் படித்து, ராத்திரி உட்கார்ந்து என் கார் சாகுபடிப் பதிவைப் படிப்பதாக ஒரு வாரம் மனசுக்குள் படம் ஓட்டினேன். அதைக் கெடுத்ததும் பூகோளம்தான். இரண்டு பேர் பிறந்த ஊரும் இன்றைக்கு வட அயர்லாந்தில் இருக்கின்றன. அங்கிருந்து யார் படித்தாலும் கணக்கு பிரிட்டன் பக்கம்தான் ஏறும்.

கடைசியில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் சித்தி மகன்தான் உடைத்தான். "அண்ணே, அது மனுசனே கிடையாது." அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாருக்கும் டப்ளின் பக்கம் பெரிய பெரிய தரவு மையங்கள் இருக்கின்றன. அங்கே வாடகைக்கு ஓடும் கணினிகளிலிருந்து இணையத்தை மேயும் நிரல்கள் கிளம்பி வந்து, பக்கம் பக்கமாக வாரிக்கொண்டு போகின்றன. நம் கணக்கில் அது "அயர்லாந்து வாசகர்" என்று விழும். 2023-இல் அந்த நாட்டு மின்சாரத்தில் 21 சதவீதம் தரவு மையங்களுக்கே போயிருக்கிறது. அதில் துளியூண்டு என் சொதிக்கும் செலவாகியிருக்கிறது என்பதில் ஒரு பெருமை இல்லாமல் இல்லை. ஒன்று சொல்ல வேண்டும், முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை ஒன்றுவிடாமல் படித்த ஒரே ஆள் அதுதான். என் சொந்தக்காரர்கள் தலைப்போடு நிறுத்திக்கொள்பவர்கள்.

இயந்திரங்களைக் கழித்த பிறகும் ஒரு சிலர் மிச்சம் நின்றார்கள். அவர்களில் ஒருவர் மின்னஞ்சல் போட்டார். ஆலங்குளம் பக்கத்துக்காரர், கார்க் நகரத்தில் நர்ஸ். "தம்பி, சொதிக்கு மூணாம் தடவை பிழிந்த தேங்காய்ப்பாலில், அதான் மூணாம் பாலில், காய் வேகணும், முதல் பாலைக் கடைசியில் ஊத்தணும்னு எழுதியிருக்கீங்க. இங்கே டப்பாவில் ஒரே பால்தானே இருக்கு, நான் எதை மூணாம் பால்னு சொல்ல?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்ட உருப்படியான கேள்வி இது. வீட்டில் அம்மாவிடம் கேட்டு, இரண்டு பேருமாக யோசித்துப் பதில் எழுதினோம். டப்பாப் பாலில் கால் பங்கை எடுத்து நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்தால் அதுதான் மூணாம் பால். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் எல்லாம் அதில் வேகட்டும். வேகவைத்த பாசிப்பருப்பையும், இஞ்சி பச்சைமிளகாய் அரைத்த விழுதையும் சேர்த்துக் கொதித்ததும், மிச்சமிருக்கும் கெட்டிப் பாலை ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் அடுப்பிலிருந்து இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான். டப்பாப் பாலில் பெரும்பாலும் பிசின் சேர்த்திருப்பார்கள், அதனால் சட்டென்று திரியாது. ஆனால் துருவிப் பிழிந்த பாலின் அந்த இனிப்பு வராது. அதை அவரிடம் மறைக்கவில்லை. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி இல்லையென்றால் சொதி வைக்கவே வேண்டாம் என்பது அம்மா சொல்லச் சொன்னது.

நன்றாக வந்ததாம். பக்கத்து வீட்டு ஐரிஷ் பாட்டி அதை சூப் என்று நினைத்து ரொட்டி முக்கிச் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டாராம்.

அதன் பிறகு டப்பாத் தேங்காய்ப்பால் சொதிக்கென்றே தனிப் பதிவு ஒன்று போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்திலேயே அயர்லாந்தில் ஒருவர் படித்தாகிவிட்டது. அது அந்த டப்ளின்காரர். அக்காவுக்கு அன்று நைட் ட்யூட்டி, மறுநாள் சாயங்காலம்தான் பார்த்தார்.