கிரைண்டர் மோட்டாரின் நட்டு ஏன் கழல்கிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் டில்டிங் கிரைண்டர், கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்தது. அடியில் மோட்டாரைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டும் அடிக்கடி லூஸாகி, பெல்ட் தொளதொளத்துப் போய், கல் நின்றுவிடுகிறது. ரிப்பேர் பார்ப்பவர் ஸ்பிரிங் வாஷர் போட்டார். என் கணவர் அதன்மேல் இன்னொன்றும் போட்டார். பலனில்லை. நிரந்தரமாக ஒரு வழி சொல்லுங்களேன்.
- வாசகி, செம்பூர்

பதில்: வழி இருக்கிறதம்மா. முதலில் அந்த இரண்டு ஸ்பிரிங் வாஷரையும் கழற்றி எடுத்துவிடுங்கள். நட்டை நன்றாக முறுக்கினதுமே அது தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு சாதாரண வாஷர் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்யும். இரண்டாகப் போட்டால் நடுவில் வழுக்குவதற்கு இன்னும் ஒரு பரப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.

நட்டு கழல்வதற்குக் காரணம் மேலும் கீழுமாக வரும் அதிர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் பக்கவாட்டு நகர்வு. ஜங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் இதைச் சோதித்துக் காட்டினார். இன்றைக்கும் போல்ட் கழல்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அவர் பெயர்தான். மரை என்பது போல்ட்டைச் சுற்றி ஏறும் ஒரு சரிவு. சாய்வான பலகையில் வைத்த பெட்டி உராய்வினால் நிற்கிறது. பலகையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லக் கீழே வந்துவிடும். நட்டும் அப்படித்தான் இறங்குகிறது. ஆக, நட்டைப் பிடித்து நிறுத்துவதைவிட, அது பிடித்திருக்கும் இரண்டு இரும்பும் ஒன்றின்மேல் ஒன்று நகராமல் செய்வதுதான் முக்கியம்.

உங்கள் கிரைண்டரில் பெல்ட் மோட்டாரை எந்நேரமும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. பெல்ட்டை டைட் செய்ய மோட்டாரை நகர்த்தவேண்டும் என்பதால் போல்ட் துளைகள் வட்டமாக இல்லாமல் நீளமாக வெட்டப்பட்டிருக்கும். நகர்வதற்கு இடமும் இருக்கிறது, இழுக்க ஆளும் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டாரைக் கழற்றி, அந்த நீளத்துளையைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளவென்று தெரியும். ஓரத்தில் செம்பழுப்பாகப் பொடி படிந்திருக்கும். ஈரத்தில் பிடித்த துரு என்று துடைத்துப் போட்டுவிடாதீர்கள். இரும்பும் இரும்பும் உரசி வந்த பொடி அது. நகர்வு நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இனி செய்யவேண்டியது. துளையைச் சுற்றியுள்ள பெயிண்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி, சுத்தமான இரும்பு தெரியவிடுங்கள். பெயிண்டின்மேல் முறுக்கினால் சில நாளில் பெயிண்ட் நசுங்கிவிடும், இறுக்கமும் அதோடு போய்விடும். யாராவது நடுவில் ரப்பர் துண்டு வைத்திருந்தால் அதற்கும் இதே கதிதான், எடுத்துவிடுங்கள். நீளத்துளைக்கு மேலும் கீழும் கனமான, அகலமான தட்டை வாஷர் கட்டாயம் வேண்டும். மெல்லிய வாஷர் துளைக்குள் குழிந்துபோகும். போல்ட் தலையில் 8.8 என்று, அதன் பலத்தைக் குறிக்கும் முத்திரை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நம் மும்பையில் மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷனில் இறங்கி நாக்தேவி தெருவுக்குப் போனால் எல்லாம் கிடைக்கும். போகும்போது பழைய போல்ட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

முறுக்குகிற அளவையும் சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் தவறு நடப்பது அங்கேதான். 8 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 13ஆம் நம்பர் ஸ்பேனர். நட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, 12 கிலோ தூக்குகிற அளவுக்கு அழுத்தினால், அந்த 8.8 போல்ட் இரண்டு இரும்பையும் சுமார் ஒன்றரை டன் பலத்தோடு சேர்த்துப் பிடிக்கும். கட்டிங் பிளேயரில் முறுக்கினால் அதில் கால் பங்குகூட வராது. நட்டின் மூலைதான் மழுங்கும். ரிங் ஸ்பேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாலையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

நட்டு நைலாக் நட்டாக இருக்கட்டும். உள்ளே நைலான் வளையம் மரையைக் கவ்விக்கொள்ளும், நட்டு கழன்று விழாது. ஆனால் அரைகுறையாக முறுக்கியதை அது ஈடு செய்யாது. போல்ட்டின் நுனி நட்டைத் தாண்டி ஒன்றிரண்டு மரையாவது வெளியே தெரியவேண்டும். விரலாலேயே முழுக்கச் சுற்ற முடிகிறதென்றால் அந்த நட்டுக்கு ஆயுள் முடிந்தது, வேறு போடுங்கள்.

பெல்ட் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல உள்ளே போகட்டும். அதற்குமேல் இழுத்துக் கட்டினால் பேரிங் போய்விடும். இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நீளமான ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கோணலாக இருந்தால் அதிர்வு ஓயவே ஓயாது.

கடைசியாக ஒரு பழக்கம். பரேல் மில்லில் நான் தறி ஃபிட்டராக இருந்தபோது, இறுக்கின ஒவ்வொரு நட்டின்மேலும் பெயிண்டால் ஒரு கோடு இழுப்போம், நட்டு, போல்ட் நுனி, அடித்தகடு மூன்றையும் தொடுகிற மாதிரி. தறி ஓடும் இடத்தில் தரையே அதிரும், காதால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கோடு உடைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே நடந்துபோய்விடலாம். வீட்டில் நகப்பூச்சு போதும். முதல் இரண்டு அரைப்பு முடிந்ததும் ஒரு தடவை இறுக்கி, அப்புறம் கோடு போடுங்கள். புதுப் போல்ட் உட்கார அந்த அவகாசம் வேண்டும்.

கேள்வி: முலுண்டிலிருந்து தானேவுக்கு வீடு மாறினோம். ஃபிரன்ட் லோட் வாஷிங் மெஷின் துணி பிழியும்போது பாத்ரூம் கதவு வரை நடந்து வந்துவிடுகிறது. மெஷினின் காலை எவ்வளவு திருகினாலும் மறுபடி ஆட்டம்.
- வாசகர், தானே

பதில்: முதலில் மெஷினின் பின்பக்கம் பாருங்கள். வீடு மாற்றும்போது டிரம் ஆடாமலிருக்க நீளமான போல்ட்டுகள் போடுவார்கள். அவை உள்ளேயே இருந்தால் மெஷினை ஓட்டாதீர்கள், கழற்றிப் பத்திரமாக வையுங்கள், அடுத்த முறை வேண்டும். அவை இல்லையென்றால் கால்தான். நாலு காலும் தரையில் பதிந்ததும், காலின் தண்டில் இருக்கும் செக் நட்டை மேலே ஏற்றி மெஷினின் அடித்தகட்டோடு முட்டும்படி இறுக்கவேண்டும். பல வீடுகளில் அந்த நட்டு கீழே காலோடு ஒட்டிச் சும்மா கிடக்கிறது. அப்படியிருந்தால் ஒவ்வொரு பிழிதலுக்கும் கால் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும்.

கேள்வி: மரைக்குப் போடும் நீலப் பசை ஒரு பாட்டில் வாங்கியிருக்கிறேன். மிக்ஸி, சீலிங் ஃபேன் எல்லாவற்றுக்கும் போடலாமா?
- வாசகர், தாராவி

பதில்: நல்ல பொருள்தான், இடம் தெரிந்து போடவேண்டும். 1953இல் அமெரிக்காவில் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் கண்டுபிடித்தது. காற்று பட்டால் திரவமாகவே இருக்கும். இரும்பு மரைகளுக்கு நடுவில் காற்றில்லாமல் மாட்டிக்கொண்டால் இறுகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு ஓரிரு சொட்டு போட்டு, ஒரு நாள் முழுக்க மெஷினை ஓட்டாமல் விடுங்கள். நீலத்தைப் பிறகு ஸ்பேனரால் கழற்றலாம். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்ற 250 டிகிரி அளவுக்குச் சூடு காட்டவேண்டியிருக்கும்.

பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பல பிளாஸ்டிக்குகள் விரிசல் விட்டுவிடும். அதனால் மிக்ஸிக்கு வேண்டாம். ஜாரைச் சுழற்றும் மிக்ஸி கப்ளரின் மரை பெரும்பாலும் ஓட ஓட இறுகும்படிதான் வெட்டப்பட்டிருக்கும்.

சீலிங் ஃபேன் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். ராடைப் பிடித்திருக்கும் போல்ட்டில் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின், அதாவது இரண்டு காலுள்ள கம்பி ஊசி, இருக்கும். நட்டு கழன்றாலும் ஃபேன் தலையில் விழாமல் காப்பது அதுதான். அதற்குப் பதில் பசை போடக்கூடாது, ஆணியை வளைத்துச் செருகவும் கூடாது. நம் ஊர்க் கடல் காற்றில் பின் துருப்பிடித்து மெலிந்துபோகும். ஃபேனை எதற்காகக் கழற்றினாலும் புதுப் பின் போட்டு, இரண்டு காலையும் நன்றாக விரித்து மடக்கச் சொல்லுங்கள். மடக்குவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.