வலி போன பிறகுதான் காவல் தேவை

கேள்வி: பாம்பனில் இருக்கிறோம். கரையில் கிடந்த தகரம் வெட்டி எங்கள் நாட்டு நாய்க்குப் பின்னங்காலில் குதிகாலுக்கு மேலே தசைநாண் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. இப்போது காலை நன்றாக ஊன்றுகிறான், கட்டிப்போட்டால் ஊளையிடுகிறான். அவிழ்த்துவிடலாமா? கடல் தண்ணீரில் நனைத்தால் சீக்கிரம் ஆறும் என்கிறார் அப்பா. இரண்டு நாளாகக் கட்டிலிருந்து லேசாக வாடையும் வருகிறது.

பதில்: கடைசியில் சொன்னதுதான் அவசரம். கட்டுக்குள் ஈரமோ சீழோ இருக்கலாம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் இன்றே தூக்கிக்கொண்டு போங்கள். நீங்களாகப் பிரித்துவிடாதீர்கள், பிரித்ததும் கணுக்கால் மடங்கும், உள்தையல் இழுபடும். கட்டுக்கு வெளியே தெரியும் நடுவிரல் இரண்டையும் தினமும் பாருங்கள். நகங்கள் விலகி நின்றாலோ, விரல் வீங்கினாலோ, சில்லிட்டாலோ கட்டு இறுகிவிட்டது என்று அர்த்தம்.

அவிழ்த்துவிடவே கூடாது. மேல்தோல் இரண்டு வாரத்தில் மூடிக்கொள்ளும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் ஆறும். ஆறு வாரத்தில் பழைய பலத்தில் ஏறக்குறையப் பாதிதான் திரும்பியிருக்கும். இப்போது அவன் ஊன்றுவதும் கட்டுக்குள் காலை மடங்காமல் பிடித்திருக்கும் பட்டையின் தயவில்தான். வலி இல்லாத நாய்க்கு ஓடக் கூடாது என்று எப்படித் தெரியும்? வள்ளம் கரை சேர்ந்து மீன் கூடை இறங்கும் நேரத்தில் அவன் ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் போதும், தையல் அறுந்துவிடும். அந்த நேரத்தில் உள்ளறையில் அடைத்து வையுங்கள். நீளக் கயிறு வேண்டாம், எகிறுவான். டைல்ஸ் தரை என்றால் சாக்கு விரியுங்கள். ஒன்றுக்கு, இரண்டுக்கு மட்டும் குட்டைக் கயிற்றில் வெளியே கூட்டிப்போங்கள், அதுவும் கெட்டித் தரையில். மணலில் கால் புதையும்போது குதிகாலுக்குத்தான் பாரம். வெளியே போகும்போது பாதத்தில் பிளாஸ்டிக் பை மாட்டலாம். உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள், வியர்வையிலேயே கட்டு நனைந்துவிடும்.

வலிக்கிறதோ என்று நினைத்து வீட்டிலுள்ள பாராசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் எதையும் கொடுக்காதீர்கள். மனிதர் மாத்திரை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். படுத்தே கிடப்பதால் சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள். எடை கூடினால் அதுவும் அந்தக் காலுக்குத்தான் சுமை.

கடலில் இப்போது நனைக்கவே கூடாது. உப்புத் தண்ணீரும் மணலும் கட்டுக்குள் போனால் தோல் வெந்துவிடும். ஆனால் அப்பா சொன்னதைப் பிறகு பார்க்கலாம். கட்டு எடுத்து, புண் முழுக்க மூடி, டாக்டரும் சரி என்றபின் நீந்தவிடுவது நல்ல பயிற்சி. வடகடல், தென்கடல் இரண்டில் அன்றைக்கு எது அலையில்லாமல் கிடக்கிறதோ அங்கே, நெஞ்சுப்பட்டை மாட்டி, நீங்களும் கூடவே இறங்குங்கள்.